தொண்ணூறு வருஷக் கணக்கு

"தொண்ணூறு வருஷமா?" சிவநேசன் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டான். "மாப்பிள்ளை சார், அதுவரைக்கும் நீங்க இருப்பீங்களா?"

பெண் பார்க்க வந்த வீட்டில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் சுகுமாரனுக்கு வியர்த்தது. திகாம் பத்து ஊர்க் கடையில் வாங்கிய லட்டுப் பெட்டி மேசைமேல் பிரிக்கப்படாமலே கிடந்தது.

"தம்பி, நீ சும்மா இரு லா. நான் கேக்கறேன்." சிவநேசனின் அக்கா லோகேஸ்வரிக்கு பேங்கில் கடன் பிரிவில் வேலை. "இன்னைக்கு நாங்க ரெண்டு பேருந்தான் பொண்ணு வீட்டுப் பெரியவங்க. அதனால மறைக்காமச் சொல்லுங்க. அந்த அமெரிக்கா சிப் கம்பெனி ஒரு ஷேருக்கு வருஷம் ஒரு வெள்ளி லாபம் பாக்குதுன்னா, அதுக்கு நீங்க தொண்ணூறு வெள்ளி கொடுத்து ஷேர் வாங்கியிருக்கீங்க. லாபம் இப்படியே நின்னுட்டா, போட்டது திரும்பி வரத் தொண்ணூறு வருஷம். சரியா?"

"சரிதான். ஆனா மூணு வருஷமா லாபம் ஏறிக்கிட்டே இருக்கு. கணக்கு அறிக்கையெல்லாம் படிச்சுட்டுத்தான் வாங்கினேன்."

"ஏறலைன்னா?"

ஒரு சின்னப் பொய் போதும், காரியம் முடிந்துவிடும். குலிம் தொழிற்சாலை பஸ்ஸில் ஜன்னலோர இடத்தைப் பிரேமாவதிக்கு விட்டுக்கொடுத்த நாளிலிருந்து, இரண்டு வருஷமாகக் காத்திருந்தது இந்த ஒரு மாலைக்காகத்தான். ஆனால் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பொய்யை விட்டுவிட்டான்.

"விலை பாதியா விழும். அதுக்குக் கீழயும் போகலாம்."

"அக்கா, கேட்டியா!" சிவநேசன் துள்ளி எழுந்தான். "எங்க அப்பா நாலு நம்பர் லாட்டரி எடுத்தே இந்த வீட்டை அடமானத்துல விட்டுட்டுப் போனாரு. அதை மீட்கறதுக்குள்ள பொண்ணு பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். மறுபடியும் அப்படி ஒரு ஆளா?"

லோகேஸ்வரி தம்பியைக் கையமர்த்தினாள். "உங்க சேமிப்புல எவ்வளவு அதுல போட்டிருக்கீங்க?"

"பத்துல ஒரு பங்கு. மீதி ஒன்பதும் உங்க பேங்குலதான் தூங்குது. அந்த ஒண்ணு முழுசாப் போனாலும் பானையில அரிசி குறையாது."

"அவ்வளவு நல்ல ஷேர்னா பத்தையும் போட வேண்டியதுதானே?"

"எனக்கே சந்தேகம் இருக்கு. சந்தேகத்தை வச்சுக்கிட்டுப் பத்தையும் போட்டா, அதுக்குப் பேருதான் நாலு நம்பர்."

லோகேஸ்வரியின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள். "இப்பவே வித்துடுங்கன்னு சொன்னா?"

சுகுமாரனின் கை சட்டைப்பையில் இருந்த போனை எடுத்தது. "பிரேமாவுக்கு இதனால தூக்கம் கெடும்னா, இந்த நிமிஷமே விக்கச் சொல்லிடறேன். ஷேர் போனா வேற ஷேர் கிடைக்கும்."

"எனக்குத் தூக்கமெல்லாம் நல்லாத்தான் வருது."

திரையை விலக்கிக்கொண்டு பிரேமாவதி நின்றாள். கையில் தேத்தண்ணித் தட்டு. கோப்பைகள் கிணுகிணுத்தன.

"பத்துல ஒண்ணுதானே, இருந்துட்டுப் போகட்டும். ரெண்டாக்கணும்னா மட்டும் என்னைக் கேக்கணும்."

லோகேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். லட்டுப் பெட்டியின் கயிற்றை அறுத்தாள். "பொண்ணே பேசி முடிச்சிருச்சு. இனி நாம நாள் பாக்கற வேலைதான்!"

சிவநேசன் மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையை எடுக்க நீண்ட சுகுமாரனின் கையைச் சட்டென்று பிடித்தான்.

"இதைக் குடிக்காதீங்க."

சிவநேசன் மணப்பெண்ணின் பக்கம் திரும்பினான். அவன் மீசைக்கடியில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது.

"அம்மா, எங்க புது அப்பாவுக்குச் சீனி இல்லாமத் தேத்தண்ணி கலக்கிட்டு வா. இன்னும் தொண்ணூறு வருஷம் இருக்கணும்ல!"