வரிசையிலிருந்து ஒருத்தி

சுவரோரம் பதுங்கி நின்ற ரூலோஃப், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு கோட்டுக்குள் கையை விட்டான். வெளியே வந்தது ஒரு பென்சில்.

1871 குளிர்காலம். ஆம்ஸ்டர்டாமின் அந்தச் சந்தில், தர்ம சூப்புக்காக முப்பது பெண்கள் பனியில் வரிசை கட்டி நின்றார்கள். அவன் தீட்டப்போகும் பெரிய ஓவியத்துக்கு இப்படிப்பட்ட முகங்கள் வேண்டும்.

பசித்தவர்களை வேடிக்கை பார்க்க வெட்கமாகத்தான் இருந்தது. போன வாரம் மீன் சந்தையில் ஒருத்தி, "எங்க மூஞ்சி என்ன கண்காட்சியா?" என்று தாளைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டாள்.

இங்கே அப்படி நடக்கவில்லை. தாளையும் பென்சிலையும் கண்டதும் வரிசையே நிமிர்ந்தது. ஒருத்தி இடுப்புக் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

எட்டாவதாக நின்றவளை ரூலோஃப் அழைத்தான். "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வர்றீங்களா? கால் மணி நேரந்தான்."

அவள் சூப்பு கொடுக்கும் கதவைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். வரிசையை விட்டு வந்துவிட்டாள்.

"அடியே ஆல்த்யே, கொடுத்து வச்சவடி நீ!" என்றாள் பின்னால் நின்றவள். "எங்களையும் பாருங்க ஐயா, நாங்க மட்டும் என்ன கொழுத்தா கெடக்கோம்?"

கேலி செய்கிறார்கள்! ரூலோஃபுக்குக் காது சிவந்தது. தலை நிமிராமல் வரைந்தான்.

"நாலு பிள்ளைங்க ஐயா," என்றாள் ஆல்த்யே, அசையாமல். "சின்னவளுக்கு ஓயாத இருமல். வீட்டுக்காரரைக் கடல் கொண்டுபோயிடுச்சு."

"ம்."

"வாய்க்கால் ஓரம், தோல் கிடங்குக்குக் கீழ இருக்கிற அறை."

"ம்... முகத்தைக் கொஞ்சம் தூக்குங்க."

கடைசிப் பெண்ணும் தூக்குச்சட்டியோடு வெளியேற, கதவு படாரென்று சாத்தப்பட்டது. "சூப்பு தீந்துபோச்சு! நாளைக்கு வாங்க!"

ரூலோஃப் பதறினான். "ஐயோ, என்னால உங்களுக்கு..."

"ஒரு வேளை சூப்புதானே, போகட்டும் ஐயா!" என்று சிரித்தாள் அவள்.

இவ்வளவு பெரிய மனசா? அவனுக்கு உடம்பே கூசியது. இதுவரை எவரிடமும் காட்டாத தாளை அவளிடம் நீட்டினான்.

அவள் தன் முகத்தையே உற்றுப் பார்த்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். சிரிப்பு மெல்ல அணைந்தது.

"குளிர்காலம் முழுக்கத் தர்ம ரொட்டி தர்றதுக்குப் பேர் எழுத வந்தவர் நீங்க இல்லையா, ஐயா?"