போத்தலுக்குள்ளே சிவப்புச் சாரம்

“லாத்தா, உங்கட மகன்ட சிவப்புச் சாரம் என்ட போத்தலுக்குள்ள நிக்குது!”

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஜெஸ்லியா கத்தினாள். பக்கத்து வீட்டு ஸரீனா, ஈரச் சாரத்தை உதறியபடியே திரும்பினாள்.

“விசரா புள்ள உனக்கு? சாரம் கொடியிலயெல்லோ கிடக்குது!”

விசரில்லை. ஜெஸ்லியா விற்பது நறுவிலிக்குளத்துத் தேசிக்காயில் போட்ட ஊறுகாய். ஜன்னலோரம் போத்தலை வைத்துப் போனில் படம் எடுத்தால், வேலிக்கு அப்பால் காயும் சிவப்பும் நீலமும் கண்ணாடியில் அப்படியே விழுகின்றன. பொன்னிறத் தேசிக்காய் கத்தரிக்காய் நிறத்தில் நிற்கிறது. முற்றத்தில் வைத்தாலோ, சோளகக் காற்று மண்ணை அள்ளிக் கொட்டுகிறது.

நாளைப் பகலுக்குள் கொழும்புக் கடைக்குப் படம் போகவேண்டும். பிடித்தால் மாதம் இருநூறு போத்தல். அது சரிவந்தால் புருசன் பஸ்லான் திரும்பவும் கட்டாருக்குப் போகத் தேவையில்லை. வாப்பாவைப் போனில் மட்டுமே பார்த்து வளர்ந்த மகள், இப்போதுதான் அவன் மடியில் ஏறப் பழகியிருக்கிறாள். விடுவாளா ஜெஸ்லியா?

“நாளைக்கு ஒருநாள் மட்டும் கொடியை வெறுமையா விடுங்கோ லாத்தா.”

“மூண்டு ஆம்பிளைப் புள்ளையள்ட உடுப்பு. உன்ட ஊறுகாய்க்காக நான் அதை வாயில கவ்விக்கொண்டா நிக்கிறது?”

சொல்லிவிட்டு ஸரீனா உள்ளே போய்விட்டாள்.

“கல்நெஞ்சுக்காரி!” என்று ஜெஸ்லியா புருசனிடம் பொருமினாள்.

“விடு. விசா வந்திட்டுதுதானே, நான் போறன்” என்றான் பஸ்லான்.

“போகமாட்டீங்கள். நான் எடுத்துக் காட்டுறன்.”

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடி நிறையத் துணி! இந்தமுறை ஒரே வெள்ளை.

‘வேணுமெண்டே செய்யிறா’ என்று கறுவிக்கொண்டே போத்தலை வைத்தாள். போனைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். வெள்ளையில் பட்ட வெயில் சூடாறி, மெதுவாக ஜன்னலுக்குள் வந்துகொண்டிருந்தது. கண்ணாடி ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. உள்ளே ஒவ்வொரு துண்டும் தங்கம்!

நாற்பது படம் எடுத்து, நல்லதாக மூன்றை அனுப்பினாள். அரைமணியில் பதில் வந்தது. முதல் இருநூறு போத்தலும் வேண்டுமாம்.

சண்டை பிடித்தாலும் அயல் அயல்தானே. ஒரு போத்தலைத் தூக்கிக்கொண்டு ஸரீனா வீட்டுக்குப் போனாள்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. கதிரை, கதவு, அலுமாரி எல்லாவற்றிலும் ஈரச் சாரங்கள் தொங்கின.

“லாத்தா… அப்ப வெளியில காயுறது?”

“வெள்ளை போட்டா உன்ட படத்துக்கு நல்லமெண்டு மகன் போன்ல பாத்துச் சொன்னான். வீட்டில வெள்ளையெண்டு வேற என்ன கிடக்கு புள்ள? மவுத்தானா என்னைப் பொதிஞ்சு அடக்க, உம்றாவுக்கு மக்கா போய் வாங்கிவந்த கபன் புடவைதான்.”

ஜெஸ்லியா திரும்பி, வாசலால் வெளியே கொடியில் ஆடிய வெள்ளையைப் பார்த்தாள்.

“எனக்கு அது இப்ப அவசரமில்லை” என்றாள் ஸரீனா. “நாளைக்கும் கிடக்கட்டுமா?”