உடைக்கக் கொடுத்த கொக்கி

"என்ன மாமா, பழைய இரும்புக் கடைக்குப் போற வழியில இங்க நுழைஞ்சுட்டீங்களா?"

ஆய்வுக்கூட மேசையில் கொல்லர் கொட்டிய ஐந்து கொக்கிகளைப் பார்த்து மச்சினன் சிரித்தான். ஒன்று கோணல். ஒன்றில் சுத்தியல் தடம். மற்றவை கரி அப்பிக் கிடந்தன.

மச்சினன் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அவன் கொண்டுவந்த ஐந்தும் வெல்வெட் துணியில் மாப்பிள்ளை மாதிரி பளபளத்தன. நூறில் பொறுக்கி எடுத்தது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டான்.

உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கி வர்ணம் அடிப்பவர்களின் இடுப்புக் கொக்கி அது. அதற்கென்றே ஆய்வாளர் அம்மா இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு புது எஃகை உருவாக்கியிருந்தார். இருவருக்கும் அந்த எஃகில் ஒரே மாதிரிக் கம்பியைத்தான் கொடுத்திருந்தார். எவர் கொக்கி தேறுகிறதோ அவருக்கே வேலை. தேறாவிட்டால் கொல்லர் பட்டறையைப் பூட்டிவிட்டு மச்சினன் தொழிற்சாலைக்கே வாட்ச்மேனாகப் போவது என்று வீட்டில் பேசி முடிவாகியிருந்தது.

மெஷின் ஒவ்வொன்றாக, உடையும்வரை இழுத்தது. தொழிற்சாலைக் கொக்கிகள் ஐந்தும், தாங்க வேண்டிய எடையின் எல்லைக்கோட்டைத் தாராளமாகத் தாண்டின. கொல்லருடையதில் நான்கு தட்டுத்தடுமாறித் தேறின. அந்தக் கோணல் மட்டும் பாதியிலேயே வாயைப் பிளந்துவிட்டது.

"அக்காகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன் மாமா" என்றான் மச்சினன்.

ஆய்வாளர் பேனாவை எடுத்தார். மனசு கேட்கவில்லை. போன மாதம் பட்டறையில் பார்த்த கொக்கிகள் இப்படி இல்லையே என்றார்.

"அதெல்லாம் பத்திரமா இருக்கு மேடம். உடைச்சுப் பார்க்கத்தானே கேட்டீங்க? அதான் கழிச்சுப் போட்டதுல அஞ்சை அள்ளிட்டு வந்தேன்."

"நல்லதையே கொண்டு வந்திருக்கலாமே?"

"நல்லதுல ஆள் தொங்கணுமே மேடம்."

ஆய்வாளர் பேனாவை மூடினார். கழித்துப் போட்டதே ஐந்துக்கு நான்கு தேறியிருக்கிறது. ஏதோ நினைவு வந்தவராக மச்சினன் பக்கம் திரும்பினார்.

"நீங்க நூறுல அஞ்சு பொறுக்கினதா சொன்னீங்களே. மிச்சம் தொண்ணூத்தஞ்சு?"

மச்சினன் காலி வெல்வெட் துணியை நாலாக மடித்தான், மறுபடி பிரித்தான்.

"பெட்டி கட்டியாச்சு மேடம்... ஆளுங்களுக்கு அனுப்ப."