தமிழ்ப் பூசை

இனித் தமிழிலேயே பூசை என்ற உத்தரவோடு தமிழ்ப் பூசைப் புத்தகம் வந்து மூன்று வாரமாகியும், பரமத்தி வேலூர் பக்கத்துப் பங்குக் கோயிலில் உபகாரசாமி சாமியார் லத்தீனிலேயே பூசை வைத்துக்கொண்டிருந்தார். ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து, பூசைக்கும் உதவிவந்த உபதேசியார் சூசைமாணிக்கம் அவரிடம் வந்தார்.

“சாமி, சனங்க பிஷப்பு மேற்றிராணியாருக்கு மனு எழுதிட்டாங்களாமுங்க.”

“என்னன்னு?”

“உங்களுக்குத் தமிழ்னா எளக்காரம்னுங்க. இந்தி வேண்டாம்னு ஊரே தமிழுக்காகக் கொதிச்சுட்டிருக்கிற நேரமுங்க இது.”

உபதேசியார் தயங்கித் தயங்கி, மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார்.

“நேத்து பீடத்துக்கு முன்னால அழுதுட்டிருந்தீங்க. விசுவாசத்துல ஏதாச்சும் சங்கடமுங்களா?”

“அந்தப் புத்தகத்தைக் கொடுங்க.”

வாங்கிய புத்தகத்தைச் சாமியார் திறந்து, பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மூடினார்.

“லத்தீன் பூசை இருபத்தெட்டு வருஷமா எனக்கு மனப்பாடம். அதை வச்சுத்தான் சமாளிச்சேன். ரெண்டு வருஷமா ஆளுங்களே நிழலாத்தான் தெரியுறாங்க. எழுத்து சுத்தமாத் தெரியலை. சொன்னா பங்கை வாங்கிடுவாங்கன்னு பயந்து மறைச்சுட்டேன்.”

உபதேசியார் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“தினம் நான் வாசிக்கிறேனுங்க, சாமி. கேட்டு மனப்பாடம் பண்ணிக்குங்க. வெளிய ஒருத்தருக்கும் தெரியாது.”

சாமியார் தலையை ஆட்டி மறுத்தார்.

“வேண்டாம், மறைச்சது போதும். நான் சொல்லச் சொல்ல மேற்றிராணியாருக்குக் கடுதாசி எழுதுங்க. கையெழுத்துப் போடுற எடத்துல மட்டும் என் விரலைப் புடிச்சு வைங்க.”