குறுக்குக்கட்டை

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த செல்லாயி மேலே ஏதோ உரசுகிற சத்தம் கேட்டு அண்ணாந்தாள்.

பரணுக்கு மேல், பக்கத்து வீட்டுத் தடுப்புப் பலகையில், ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சதுரமாக ஓட்டை. அதில் சன்னாசியின் தலை.

“பயப்படாத தங்கச்சி. வெள்ளம் வந்தா இப்படியே தவழ்ந்து மேட்டுக்குப் போயிரலாம். அதுக்குத்தான் வழி.”

தலை மறைந்தது. அதற்குப் பிறகுதான் அவள் கத்தினாள்.

மலாயாவில் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. தொழிலாளர் லயத்தில் ஆறு வீடு, நீளமாக ஒரே தகரக் கூரை, நடுவில் கூரைவரை பலகைத் தடுப்பு. செல்லாயி வீடு ஆற்றோரம். மறுகோடியில் சன்னாசி. அவன் பின்கதவைத் திறந்தால் ரப்பர் மேடு. கைப்பிள்ளைக்காரி செல்லாயியைத் தவிர எல்லாரும் பால்வெட்டுக்குப் போன நேரம் பார்த்து, வயிற்றுவலி என்று நின்றுகொண்டு, அத்தனை தடுப்பையும் அறுத்துவிட்டிருந்தான்.

சாயங்காலம், ஐந்தாம் வீட்டில் இருந்த கங்காணி பழனியப்பன் வாசலில் கூட்டம்.

பாரிட் புந்தார் ஊரில் இருந்தபோது வெள்ளத்தண்ணீர் அழுத்தி, கதவு திறக்காமல் ஒரு குடும்பமே உள்ளேயே மூழ்கிச் செத்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சன்னாசி சொன்னான். கேட்டால் யாரும் விடமாட்டார்கள் என்றுதான் கேட்கவில்லையாம்.

“ஆறு இவன்கிட்ட சொல்லிட்டுத்தான் வரும்போல,” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

கங்காணியின் மனைவி மங்களம் சிரிக்கவில்லை. “பொண்டாட்டி இல்லாதவன். பொம்பளைங்க படுக்கிற எடத்துக்கெல்லாம் வழி போட்டிருக்கான். இதுல வெள்ளமாம்.”

செல்லாயியின் புருஷன் பத்துமலை எழுந்து ஓர் அறை விட்டான். சன்னாசி கன்னத்தைத் தடவிக்கொண்டானே தவிர திருப்பி அடிக்கவில்லை. இருட்டுவதற்குள் அவனுடைய தகரப்பெட்டி லயத்துக்கு வெளியே கிடந்தது.

அறுத்த பலகைகளைப் பழையபடி பொருத்தி, தடுப்புக்கு இரண்டு பக்கமும் குறுக்குக்கட்டை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார் கங்காணி. அந்தந்த வீட்டுப் பக்கம் அந்தந்த வீட்டுக்காரர். காலியான சன்னாசி வீட்டுக்குள் அவரே போய் அடித்தார். ஆணித் தலையை வளைத்தும் விட்டார்.

மங்களத்துக்கு அதுவும் போதவில்லை. பெண்களை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். இந்தக் கட்டையில் கைவைக்கமாட்டோம் என்று ஒவ்வொருத்தியும் எரிகிற கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தாள். செல்லாயியும் செய்தாள்.

மழை தொடங்கியது. 1926 டிசம்பர் அது. பால்வெட்டு நின்றுபோனது. ராத்திரியெல்லாம் தகரத்தில் விழும் சத்தத்தில் பிள்ளை அழுவதுகூடக் காதில் விழவில்லை. ஆறு இரைகிறதா, மழைதான் இரைகிறதா என்று தெரியாமல் செல்லாயி கண் விழித்துக் கிடந்தாள். வெள்ளம் வந்துவிடுமோ என்று புருஷனிடம் சொன்னாள். “அவன் பேச்ச நீயும் நம்புறியா?” என்றான்.

புருஷன் கடைக்குப் போன ஒருநாள் பரணில் ஏறினாள். கத்தியின் முதுகால் நெம்பி ஆணிகளைக் கழற்றினாள். யாராவது பார்த்தால், சன்னாசிக்காக வழி திறந்து வைத்தாள் என்பார்கள். அம்மன் என்ன செய்வாளோ. ஆணிகளைப் பழைய துளையிலேயே லேசாகச் செருகிவிட்டு இறங்கினாள்.

இறங்கிய பிறகுதான் உறைத்தது. தன் பக்கம் கழற்றி என்ன? அந்தப் பக்கம் அடுத்த வீட்டு இருளாயியின் கட்டை இருக்கிறதே.

இரண்டு நாள் கழித்து, ரப்பர் பாளங்களை மேட்டுக்கு ஏற்ற வேண்டுமென்று ஆண்களை ஸ்டோருக்குக் கூப்பிட்டார்கள். மத்தியானம் பலகைத் தரையின் இடுக்கு வழியே தண்ணீர் கொப்பளித்தது. செல்லாயி கதவைத் தள்ளினாள். அசையவில்லை. பலகை இடுக்கில் பார்த்தாள். வாசலே இல்லை. காவி நிறத்தில் ஆறுதான் இருந்தது. ஓர் ஆடு கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு போனது.

பிள்ளையை மாரோடு கட்டிக்கொண்டு பரணில் ஏறினாள். கட்டையைப் பிடுங்கி எறிந்தாள். சதுரப் பலகையை ஓங்கி உதைக்கக் காலைத் தூக்கினாள்.

கால் பட்டதுமே அது அந்தப் பக்கம் விழுந்தது.

இருளாயி வீட்டுக் கட்டையில் ஆணியே இல்லை. அவள் ஏற்கெனவே போயிருந்தாள்.

அடுத்த தடுப்பும் திறந்து கிடந்தது. அதற்கடுத்ததும். எங்கேயும் உடைத்த அடையாளம் இல்லை. முன்பே கழற்றிய ஆணிகள்தான் பரணில் கிடந்து முழங்காலில் குத்தின.

ஐந்தாம் வீட்டுப் பரணில் எல்லாப் பெண்களும் பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மங்களத்தின் மடியிலும் நாலைந்து ஆணிகள்.

“அக்கா, நீங்களுமா?” என்றாள் செல்லாயி.

“பேசாத. புள்ளயக் கெட்டியாப் புடி.”

மங்களம் பாராங் வெட்டுக்கத்தியை எடுத்துச் சன்னாசி வீட்டுப் பக்கத்துக் கடைசித் தடுப்பை வெட்டினாள். சின்னச் சில்லு ஒன்று தெறித்தது. அந்தப் பக்கத்துக் கட்டை பிடித்துக்கொண்டதில் பலகை அசையவில்லை. கீழே பரண்கால்களில் தண்ணீர் மோதியது. இருளாயி கத்தியை வாங்கி வெட்டினாள். பிறகு செல்லாயி.

ஐந்து வீட்டிலும் சத்தியத்தை மீறி ஆணியைக் கழற்ற ஓர் ஆள் இருந்தாள். ஆறாவது வீட்டில்தான் ஆள் இல்லை.