தண்ணீர் ஏறாத வீடு

தேய்த்தாள். இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

தேங்காய் நார் தேய்ந்துபோய், இப்போது விரல்தான் சுவரில் உரசியது. கோடு போகவில்லை.

நெஞ்சு உயரத்தில் கறுப்பாக ஒரு கோடு. ஆறு வீட்டுக்குள் வந்து நின்றுவிட்டுப் போன அடையாளம். மற்ற சுவர்களில் மங்கிவிட்டது. வாசலுக்கு நேரெதிரே ஒரு முழம் மட்டும் பிடிவாதம் பிடித்தது.

"கணக்கெடுக்கறவங்கோ மூணு வீடு முடிச்சிட்டாங்கோ. இன்னும் இன்னாடி பண்ணினுகீற?"

பக்கத்து வீட்டுத் தேவகுமாரி. வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவள் வாளியில் மிச்சமிருந்த சுண்ணாம்பை வழித்து அப்பினாள். வெள்ளை படர்ந்தது. மூச்சு விட்டாள்.

சுவர் ஈரத்தை இழுத்துக்கொண்டதும், வெள்ளைக்கு அடியிலிருந்து கோடு மறுபடி எட்டிப் பார்த்தது.

தெருவே கூடிப் பேசி எடுத்த முடிவு இது. யார் கேட்டாலும், தண்ணீர் வாசப்படியோடு நின்றுவிட்டது. அவ்வளவுதான்.

போன வெள்ளத்தில் கீழ்த்தெருக்காரர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். பாத்திரம் போச்சு, ஆடு போச்சு, கழுத்து வரைக்கும் தண்ணீர் என்று. எல்லாம் அரசாங்க வரைபடத்தில் ஏறியது. தெரு சிவப்பானது. ஆபத்தான இடம் என்று எல்லாரையும் லாரியில் ஏற்றி, பஸ்கூட ஒழுங்காகப் போகாத ஏதோ ஓர் இடத்தில் இறக்கிவிட்டார்கள்.

இப்போது அங்கே புல்தரை. நடைபாதை. இந்த முறை முழுகியது புல் மட்டும்தான்.

செருப்புச் சத்தம் நெருங்கியது.

கொடியில் கிடந்த சட்டையை உருவி, கோட்டுக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினாள். வெளிர் நீலச் சட்டை. கோடு மறைந்தது.

கணக்கெடுக்க வந்தவள் சின்னப் பெண். ஒரு கையில் அளவு நாடா, ஒரு கையில் மொபைல். உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சினாள். பச்சைச் சுண்ணாம்பு வாசனை. புரிந்துவிட்டது அவளுக்கு.

"அக்கா, பயப்படாம சொல்லுங்க. எவ்ளோ ஏறுச்சுன்னு தெரிஞ்சாத்தான் கரையில சுவர் கட்டுவாங்க. அடுத்த மழைக்கு முன்கூட்டியே உங்கள எச்சரிக்க முடியும். தெருவே ஒண்ணுமில்லன்னு சொன்னா, சுவர் வேற பக்கம் போயிடும்க்கா."

பொய் சொல்கிற முகமில்லை.

கீழ்த்தெருவுக்கும் இதே மாதிரி ஒரு நல்ல பெண்தான் வந்தாள்.

"வாசப்படியோட நின்னுபோச்சும்மா."

"பொருள் சேதம்?"

"இல்ல."

"வீட்டுல எத்தன பேரு?"

"ரெண்டு. நானும் அவரும்."

பெண்ணின் பார்வை சட்டைக்குப் போனது. "அண்ணன் எங்க?"

"வந்துருவாரு."

"உயிர்ச் சேதம்?"

வாசலில் தேவகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்ல."

பெண் திரையைத் தட்டினாள். வரைபடத்தில் வீடு பச்சையானது. அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

"கதவச் சாத்துடி, சாரல் அடிக்குது" என்றாள் தேவகுமாரி.

சாத்தவில்லை. தண்ணீர் வடிந்த நாளிலிருந்தே அந்தக் கதவை அவள் சாத்தவில்லை.

தண்ணீர் ஏறிய அன்று அவள் கணவர், தேவகுமாரியின் மாமனாரைத் தோளில் சுமந்து மேட்டில் இறக்கிவிட்டு, இன்னும் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று மறுபடி தண்ணீருக்குள் இறங்கினார். ஆறு இன்னும் அவரைத் திருப்பித் தரவில்லை.

சொல்லியிருக்கலாம். சொன்னால் தெரு போய்விடும். வீடு போய்விடும்.

அப்புறம் அவர் எந்த வீட்டுக்கு வருவார்?

சுவரிலிருந்த சட்டையைத் திரும்பிப் பார்த்தாள்.

அதன் நெஞ்சில், கறுப்பாக ஒரு கோடு ஊறிக்கொண்டிருந்தது.