கிளட்ச் மேல பழி

“இன்னாத்துக்குடா கையை விட்டே?”

ஆபேல் போட்ட சத்தத்தில், பக்கத்து டென்ட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்கட்டுமே! வயிறு எரிகிறவன் மெதுவாகவா பேசுவான்?

நேர் ரோட்டில் நானூறு மீட்டர். இரண்டே பைக். முதலில் போய்ச் சேர்கிறவருக்குக் கப்பு. அதுதான் டிராக் ரேஸ். படப்பை தாண்டி, ரேஸுக்கென்றே போட்ட ரோட்டில் இன்று காலை ஃபைனல். வண்டியைத் தயார் செய்தது ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஆபேல். எட்டு மாத வேலை. ஓட்டியது அவன் சிநேகிதன் ஜெஃப்ரி, தாம்பரத்தில் ஒரு ஸ்கூலில் கணக்கு வாத்தியார்.

பாதி தூரம் வரை எல்லாம் சரியாகத்தான் போனது. அனகாபுத்தூர் தேவதர்ஷினியின் வண்டி அரை வண்டி நீளம் முன்னால். அதனால் என்ன? கடைசி நூறு மீட்டரில் பாய்கிற வண்டி ஆபேலுடையது. எழுந்து நின்று விசிலடிக்க விரலை வாயில் வைத்தான் பாருங்கள், ஜெஃப்ரி ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டான். தேவதர்ஷினி ஜெயித்துவிட்டாள்.

“கிளட்ச் ஸ்லிப் ஆயிடுச்சு மச்சான்” என்றான் ஜெஃப்ரி.

அதையேதான் மைக்கிலும் சொன்னார்கள். “ராஜகீழ்ப்பாக்கம் ஆபேல் தயார் செய்த வண்டியில் கிளட்ச் கோளாறு!”

கூட்டமே உச்சுக் கொட்டியது. ஜெயித்தால் ரேஸ் வண்டிகள் தன் கடையைத் தேடி வரும் என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு, பத்தொன்பது வருடமாகச் சம்பாதித்த பேர் மைக்கில் ஒரே வரியில் போய்விட்டது.

போன் அடித்தது. மனைவி வினிதா.

“என்னங்க, பட்டாசு வாங்கி வெச்சாச்சு. கொளுத்தட்டுமா?”

“கிறிஸ்மஸுக்கு வெச்சுக்கோ!” கட் செய்துவிட்டு ஜெஃப்ரியிடம் திரும்பினான்.

“நான் போட்ட கிளட்ச் ஸ்லிப் ஆவுமா? இரு, இப்பவே கழட்டிக் காட்றேன்.”

“சூடா இருக்கு மச்சான். வீட்ல போய்ப் பார்த்துக்கலாம்.”

“இங்கயே பார்க்கணும். எல்லாரும் பார்க்கணும்.”

ஆயிலை வடித்தான். கவரைக் கழட்டினான். கை சுட்டதைக்கூடப் பொருட்படுத்தாமல் ப்ளேட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வெயிலில் பிடித்தான். ஒன்றில்கூட ஒரு தேய்மானம் இல்லை.

“பார்த்துக்கோங்கப்பா! என் கிளட்ச்ல ஒரு கோளாறும் கிடையாது. ஐயாதான் பயந்துட்டாரு!”

டீ டென்ட்டில் யாரோ சிரித்தார்கள். ஜெஃப்ரி ஹெல்மெட்டைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தான்.

“இனிமே நீ என் வண்டியைத் தொடாதே. புரிஞ்சுதா?”

“சரி மச்சான்.”

அந்தச் ‘சரி’ ஆபேலுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அப்போது தேவதர்ஷினி தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“அண்ணா, பனியன் வேஸ்ட் இருந்தா கொஞ்சம் குடுங்களேன். ஆயில் ஹோஸ் பிச்சுக்கிச்சு. பின் டயர் பூரா ஆயில்.”

ஆபேல் குனிந்து பார்த்தான். டயர் வழவழவென்று மின்னியது.

“அடக் கடவுளே! இதோடயா ஓட்டிக்கினு வந்தே?”

“எனக்கு எப்படிண்ணா தெரியும்? பின் டயர் என் கண்ணுக்குத் தெரியுமா? பக்கத்துல ஜெஃப்ரி அண்ணா வண்டி சத்தம் நின்னுச்சு. சரி, அவர் அவுட்டு, இன்ஜினை எதுக்குக் கஷ்டப்படுத்தணும்னு நானும் கையை விட்டுட்டேன். இல்லேன்னா கடைசி வரைக்கும் முறுக்கியிருப்பேன். நினைச்சாலே உடம்பு நடுங்குது. இதோ, துடைச்சுட்டு வந்துடறேன். பத்து நிமிஷத்துல கப்பு குடுக்கிறாங்களாம்.”

துணியை வாங்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள்.

அரை வண்டி நீளம் பின்னால் வந்தவனுக்கு முன் வண்டியின் பின் டயர் தெரியாமலா இருக்கும்? ஆபேல் ஜெஃப்ரியை ஓரமாக இழுத்தான்.

“பார்த்தியா?” குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“ம்.”

“கத்தியிருக்கலாம்லடா?”

“அந்த வேகத்துல, ஹெல்மெட்டுக்குள்ள, எது மச்சான் கேட்கும்? என் வண்டி சத்தம் நின்னாதான் கேட்கும்.”

“மைக்குல சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? என்கிட்டயாவது சொல்றதுக்கு இன்னா?”

“நீ ஊருக்கே சொல்லிடுவே. அந்தப் பொண்ணு ரோஷக்காரி. கப்பு வேணாம், மறுபடி ஓட்டலாம்னு நிப்பா. ஹோஸ்ல எதையாவது சுத்திக்கிட்டாவது வந்து நிப்பா. அந்த வண்டி இன்னிக்கு ஓடவே கூடாது.”

‘பயந்துட்டாரு’ என்று ஊரைக் கூட்டிச் சொன்ன வாயை என்ன செய்வது?

தேவதர்ஷினி துணியைத் திருப்பித் தர வந்தாள். அவள் பார்வை தரையில் பரப்பியிருந்த கிளட்ச் ப்ளேட்டுகள் மேல் விழுந்தது. சட்டென்று முகம் மாறியது.

“அண்ணா, ப்ளேட் எல்லாம் புதுசு மாதிரி இருக்கே? உண்மையிலேயே கிளட்ச்தான் போச்சா? இல்ல, ஜெஃப்ரி அண்ணா வேணும்னே விட்டுட்டாரா?”

டீ டென்ட் மொத்தமும் ஆபேலையே பார்த்தது.

ப்ளேட்டுகளை அவசரமாக வாரி டப்பாவில் போட்டபடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னான் ஆபேல்:

“பார்க்கத்தாம்மா புதுசு. நான்தான் தப்பா மாட்டிட்டேன். நீ போய்க் கப்பை வாங்கு!”